கத்திரி வெயிலில் உறைபனி!

மதுரையில் உறைபனி என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "என்ன மாப்ளே, வெயில் மண்டைக்கு ஏறிருச்சா?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற சித்திரை மாதத்தில், 104 டிகிரி ஃபாரன்ஹீட் கொளுத்துகிற ஊரில், பனியாவது உறைவதாவது!

ஆனால் உறைகிறது ஸார். கத்திரி வெயிலிலேயே உறைகிறது. நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ரயில்வே ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து டவுன்ஹால் ரோடு பக்கம் நடக்கவும். (தலைக்கு மேலே கவனம்!)

அக்கம்பக்கத்துச் சந்துகளில் வரிசையாக லாட்ஜ்கள். நடந்து போகிறவர் உச்சந்தலையில் 'சொட்'டென்று ஒரு துளி விழும். அண்ணாந்து பார்த்துத் திட்டாதீர்கள். அது யாரும் ஊற்றிய தண்ணீர் இல்லை. உள்ளே குறட்டை விடுகிறவரின் மூச்சு, அவர் காயப்போட்ட ஈரத்துண்டு, கதவிடுக்கு வழியாக நுழைந்த வெளிக்காற்று - எல்லாவற்றிலும் இருந்த ஈரத்தை ஏ.சி. பிழிந்து உங்கள் தலையில் விட்டிருக்கிறது. வைகையில் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, மதுரைக் காற்றில் இருக்கிறது!

சந்தேகம் இருந்தால் அப்படியே விளக்குத்தூண் பக்கம் போய் ஒரு ஜிகர்தண்டா சொல்லுங்கள. பாதாம் பிசினும் நன்னாரியும் பாலும் ஐஸ்க்ரீமுமாகப் பாதி உள்ளே போவதற்குள், கிளாஸின் வெளிப்பக்கம் வியர்த்துவிடும். கிளாஸில் ஓட்டை இல்லை. காற்றில் இருக்கிற ஈரம், தன்னைவிட ஜில்லென்று ஒரு பொருளைக் கண்டால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும் - சம்பளத் தேதியில் நம்மிடம் நண்பர்கள் ஒட்டிக்கொள்வது மாதிரி. அந்தப் பொருள் பூஜ்யம் டிகிரி செல்ஷியஸுக்கும் கீழே இருந்தால், ஒட்டிய ஈரம் சொட்டாது, வெள்ளை வெளேரென்று உறைந்துவிடும். உறைபனியின் முழு சரித்திரமும் இவ்வளவுதான்.

ஏ.சி.க்குள் இருக்கிற குளிர்ச்சிக் குழாய், எல்லாம் ஒழுங்காக இருந்தால், ஐந்திலிருந்து பத்து டிகிரிக்குள் நிற்கும். தண்ணீர் சொட்டும். அவ்வளவுதான். ஃபில்டரில் மாசி வீதித் தூசி அடைத்துக்கொண்டாலோ, கேஸ் குறைந்தாலோ, குழாய் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். மெல்ல ஐஸ் படரும். ஐஸ் காற்றை மறிக்கும். காற்று குறையக் குறைய இன்னும் ஐஸ். கடைசியில் மிஷினுக்குள் இமயமலை, அறைக்குள் மேலூர் வெயில்!

உடனே நம் ஆள் என்ன செய்கிறார்? "கூலிங்கே இல்லையே!" என்று ரிமோட்டை எடுத்து 16-ல் வைக்கிறார். நெருப்பை அணைக்க மண்ணெண்ணெய் ஊற்றின கதை. ஐஸ் இன்னும் தடிக்கும். கரண்ட் பில்லும் தடிக்கும்.

அடுத்த காட்சியில், "கேஸ் அடிக்கணும் ஸார்" என்று ஒருவர் வந்து ஆயிரக்கணக்கில் கறந்துகொண்டு போவார். எல்லா மெக்கானிக்கும் அப்படி இல்லை. சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் கடை வைத்திருக்கிற அண்ணனிடம் கேட்டேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏ.சி. என்ன பைக்கா தம்பி, ஓட ஓட தீர்றதுக்கு? கேஸ் குறைஞ்சிருக்குன்னா எங்கிட்டோ ஓட்டை இருக்குன்னுதேன் அர்த்தம். ஓட்டையை அடைக்காம கேஸ் அடிச்சா, அடுத்த சித்திரைக்கும் அதே பில்லுதேன்!"

"அப்ப ஐஸ் கட்டினா என்னண்ணே செய்ய?"

"ஒண்ணும் செய்யாதீக. கூலிங்கை நிறுத்திட்டு ஃபேனை மட்டும் ஓட விடுங்க. ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துல தானா உருகிரும். கத்தியை மட்டும் உள்ள விட்றாதீக. பழைய ஃபிரிட்ஜுல ஐஸைக் கத்தியால நோண்டி, குழாயைப் பொத்தலாக்கிட்டு இங்க தூக்கிட்டு வர்றவுக எத்தனை பேருங்கிறீக!"

ஒண்ணும் செய்யாமல் இருப்பதுதான் வைத்தியம். (ஆபீஸில் இந்த வைத்தியத்தில் நம்மில் பலர் நிபுணர்கள்.)

உறைபனியை இயற்கை எப்படித் தயாரிக்கிறது என்று பார்க்க ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் பஸ் ஏறுங்கள். வாடிப்பட்டித் தென்னந்தோப்புகள், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு... அப்புறம் மலை. சுமார் 120 கிலோமீட்டரில் ஏழாயிரம் அடி உயரம்! ஜனவரி மாத விடியற்காலையில் ஜிம்கானா, கீழ்பூமி பக்கம் போனால் புல்வெளி முழுக்க உப்புத் தூவினது மாதிரி வெள்ளை.

இதில் ஒரு வேடிக்கை. அந்த நேரத்தில் தெர்மாமீட்டர் மூன்று, நான்கு டிகிரி காட்டும். பூஜ்யம்கூட இல்லை. பிறகு எப்படி உறைந்தது? மேகமில்லாத இரவில் புல் தன் சூட்டையெல்லாம் வானத்துக்குத் தானம் பண்ணிவிட்டு, காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துபோகிறது. அப்புறம் ஜிகர்தண்டா கிளாஸ் கதைதான்.

இந்தப் புல்லின் கஷ்டத்தை அப்படியே அனுபவிக்கிற ஒரு மிஷின் உண்டு. ஹீட் பம்ப்! பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். நம் ஏ.சி.தான். நம் ஊரில் அறைச் சூட்டை வெளியே தள்ளுகிறது. குளிர் தேசத்தில் அதையே திருப்பி ஓட்டி, வெளிச்சூட்டை வீட்டுக்குள் இழுக்கிறார்கள். 1852-லேயே கெல்வின் பிரபு சொன்ன யோசனை. வெளியே இரண்டு டிகிரி, அதில் ஏது சூடு என்கிறீர்களா? இருக்கிறது. வெளிக்குழாய் அதைவிட ஜில்லென்று இருந்தால் போதும், சூடு வந்து சேரும். ஒரு யூனிட் கரண்டுக்கு இரண்டு, மூன்று யூனிட் சூடு கிடைப்பதால்தான், நம் தமிழர்கள் நிறையப் பேர் குடியேறியிருக்கிற நார்வேயில் பாதிக்கும் மேற்பட்ட கட்டடங்களில் இது ஓடுகிறது.

சிக்கல் எங்கே? குழாய் பூஜ்யத்துக்குக் கீழே போனதும் வெளிக்காற்றின் ஈரம் வந்து உறைகிறது. குளிர் அதிகமானால் தொல்லையும் அதிகம் என்று நினைத்தால் தப்பு. மைனஸ் இருபதில் காற்று காய்ந்து கிடக்கும், ஒட்டுவதற்கு ஈரமே குறைவு. பூஜ்யத்தை ஒட்டி, மூடுபனியோடு இருக்கிற நாட்கள்தான் எமன். ஆக, நம் கொடைக்கானலின் ஈரமான ஜனவரி இரவு, ஹீட் பம்புக்கு நார்வேயின் நடுக்குளிரைவிடப் பெரிய வில்லன்!

அதனால் அந்த மிஷினுக்கு ஒரு புத்தி வைத்திருக்கிறார்கள். ஐஸ் கட்டினதும் உள்ளே ஒரு வால்வு திரும்பும். ஐந்து, பத்து நிமிஷம் மிஷின் தலைகீழாக ஓடி, வீட்டுச் சூட்டையே கொஞ்சம் கடன் வாங்கி, வெளியே இருக்கிற ஐஸை உருக்கும். ஆவி குபுகுபுவென்று கிளம்பும். உள்ளே வெதுவெதுப்பு கொஞ்சம் குறையும். புதிதாகப் போன மதுரைப் பையன் இதைப் பார்த்து, "மிஷின் பத்திக்கிச்சு!" என்று சுவிட்சை அணைத்தால், பாதி உருகின தண்ணீர் அடித்தட்டில் மறுபடி உறைந்து ஃபேன் இறக்கையில் உரசும். அணைக்காமல் காத்திருந்தால் போதும்.

பழைய மிஷின்களுக்குக் கடிகாரக் கணக்கு. ஐஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை உருக்கும். கரண்ட் தண்டம். இப்போது வருகிற பலவற்றில் சென்ஸார் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் உருக்குகிறது.

சரி, ஒன்பது மணி வெயிலில் கீழ்பூமிப் புல்லும் தானாக உருகிவிட்டது. கீழே இறங்குங்கள். வத்தலக்குண்டில் ஸ்வெட்டரைக் கழற்றுவீர்கள், வாடிப்பட்டியில் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றுவீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஏ.சி. ஃபில்டரைக் கழற்றுங்கள். குழாயடியில் பத்து நிமிஷ வேலை. கழுவினபிறகும் ஐஸ் கட்டினால் மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அவர் "கேஸ்" என்று ஆரம்பித்தால், "ஓட்டை எங்கண்ணே?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கே பில் பாதி உருகிவிடும்!