திறந்த வாளி

நாமக்கல்லில் எங்கள் தந்தை நடத்திய லாரிப் பட்டறையில் கிரீஸ் கன்னை நிரப்புவது கைவேலை. தலைப்பகுதியைத் திருகிக் கழற்றி, பின்கம்பியை இழுத்துப் பூட்டி, திறந்த வாளியிலிருந்து கிரீஸை அள்ளி உருளைக்குள் திணிப்போம். முழங்கை வரை அப்பிக்கொள்ளும். மண்ணெண்ணெயில் கழுவினாலும் சோற்றில் வாடை நிற்கும். சகோதரர்கள் நாங்கள் அதைத் தொழிலின் பெருமை என்றே எண்ணியிருந்தோம்.

ஒருமுறை, கிரீஸ் அடித்து அனுப்பிய லாரி சில வாரங்களிலேயே ஜாயிண்ட் கிராஸ் தேய்ந்து திரும்பியது. அடிக்காமலே அடித்தேன் என்கிறான் என்று உதவிக்கிருந்த பையனை வேலையை விட்டு நிறுத்தினோம். அவன் அழுதபடி மறுத்தான். நாங்கள் நம்பவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, கை அழுக்காகாதிருக்க நிரப்பு பம்ப் ஒன்றை வாங்கினோம். இறுக்கமான மூடி; உள்ளே, கிரீஸின்மேல் படிந்து அது குறையக் குறையக் கீழிறங்கும் தட்டு. கன்னின் தலையிலுள்ள நிரப்பு முனையை இதில் பொருத்திக் கைப்பிடியை அழுத்தினால், வெளிக்காற்றும் தூசியும் படாமல் கிரீஸ் உள்ளே ஏறுகிறது.

பழைய வாளியில் எஞ்சியதை அன்று விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தோம். நறநறத்தது. பட்டறை மண். கிராஸின் ஊசி பேரிங்குகளுக்கு அது அரம் அல்லவா? அடிக்காததால் அல்ல, அந்தக் கிரீஸை அடித்ததால்தான் கிராஸ் தேய்ந்திருக்க வேண்டும்.

அந்தப் பையன் இப்போது எந்த ஊரில் இருக்கிறானோ தெரியவில்லை. கண்டால், குற்றம் எங்கள் வாளியில் இருந்தது என்று சொல்ல வேண்டும்.