அறிக்கையில் வராத பலவீனம்

துபாயில் பிரிட்டிஷ் பாடத்திட்டத் தனியார் பள்ளியொன்றில் என் மகள் இயர் 9 படிக்கிறாள். அங்கே தனியார் பள்ளிகளைப் பாடவாரியாக மதிப்பிட்டு அறிக்கையைப் பொதுவில் வைப்பது கேஎச்டிஏ என்ற அரசு அமைப்பு. சேர்க்கும் முன் அறிக்கையை வரிவரியாகப் படித்தேன். ஆங்கிலம், கணக்கு, அறிவியல் பலம், அரபி பலவீனம்.

பலம் உண்மைதான். வரலாற்று வகுப்பில் ஓர் ஆவணத்தைக் கொடுத்து, 'இதை எழுதியது யார், யாருக்காக, எதை விட்டுவிட்டார்?' என்று கேட்கிறார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து ஆண்டுகளை மனப்பாடம் செய்தவன். கேள்வி கேட்டால் அடிதான்.

பலவீனமும் உண்மைதான். அரபி கட்டாயப் பாடம். பல வருடம் படித்தும் நாலு வாக்கியம் கோவையாக வரவில்லை. வகுப்புக்கு வெளியே அந்த மொழிக்கு அவளிடம் வேலையே இல்லை.

அறிக்கையில் வராத பலவீனம் ஒன்று உண்டு. அட்லாண்டிக் அடிமை வணிகத்தை வாரக்கணக்கில் படித்தவளுக்கு, சாதி என்ற சொல் வகுப்பில் ஒருமுறைகூட வரவில்லை. அதை நான்தான் சொன்னேன். 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி, 44 உயிர்கள். நிலவுடைமையாளர்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானதையும் சொன்னேன்.

"தீர்ப்பை எழுதினது யாருப்பா? செத்தவங்க பக்கத்தை யார் எழுதினாங்க?" என்றாள்.

கேள்வி பள்ளி கொடுத்தது. அதற்குக் கட்டணம் கட்ட எனக்கு வருத்தமில்லை. பாடத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். வாரம் ஒருநாள் மாலை, எழுத்துக்கூட்டித் தமிழில் வாசிக்கிறாள். வளைகுடாவில் இருக்கும் தோழர்களே, உங்கள் வீட்டிலும் தொடங்குங்கள்.