சேறு சொல்லும் சாட்சி

மழைமானி இல்லாத காலத்தில் பெய்த மழையை யார் அளந்து வைத்தார்கள்? ஏரியும் கடலும் என்றால் நம்புவீர்களா, தோழியரே?

பூக்களின் மகரந்தத் தூள் காற்றிலும் ஆற்றிலும் சென்று நீரடியில் படிகிறது. அதன் மேலுறை மிக உறுதியானது. காற்றுப் புகாத சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழியாமல் இருக்கும். அந்தச் சேற்றை அமிலங்களால் கழுவி, எஞ்சும் மகரந்தத்தை நுண்ணோக்கியில் எண்ணினால், அன்று அங்கிருந்தது காடா, புல்வெளியா என்று அறியலாம். நம் புதுவையில் 1955-ல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு நிறுவனம் இத்துறையில் பெயர் பெற்றது.

எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவி ஒருவர் இத்துறையில் முனைவர் பட்டத்திற்காக ஆய்வு செய்கிறார். முதன்முதலாக அறிவியல் மாநாடு ஒன்றில் பேசவிருந்த அவர், அதற்கு முந்தைய வாரம் பதினொன்றாம் வகுப்பினராகிய எங்கள் முன் பேசிப் பழகினார். அவர் கையிலிருந்த தாள் நடுங்கியதை நாங்கள் கண்டோம்.

கர்நாடகத்தின் கார்வார் அருகே கடலடியில் எடுத்த சேற்றைப் பற்றி, புதுவை அறிஞர்களும் பங்குகொண்டு 1994-ல் வெளியிட்ட ஆய்வை முதலில் விளக்கினார். சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன்பிருந்து அப்பகுதியில் ஈரம் குறைந்தது என்பது அதன் முடிவு.

உடனே எங்கள் தோழி ஒருத்தி எழுந்து, “அக்கா, மழை குறைந்துதான் மரங்கள் குறைந்தனவா? மனிதர் வெட்டியிருக்கலாமே?” என்றாள்.

அக்கா சற்று யோசித்தார். “மரம் குறைந்ததை மகரந்தம் சொல்லும். காரணம் வானமா கோடரியா என்பதை அது மட்டும் சொல்லிவிடாது. கரித்துகள், பயிர்களின் மகரந்தம் போன்ற வேறு சாட்சிகளையும் விசாரிக்க வேண்டும். நீலகிரிச் சதுப்பு மண்ணிலுள்ள கரிமத்தை ஆராய்ந்து 1993-ல் வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உழவே தோன்றாத காலத்தில், வறட்சியால் அங்கே புல்வெளி பெருகியிருந்தது. ஆகவே, வானமும் காட்டை மாற்ற வல்லது. ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியே கேட்டறிய வேண்டும்” என்றார். பிறகு அந்தக் கேள்வியைத் தம் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

மாநாட்டில் மூத்த அறிஞர் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டாராம்! அக்கா தெரிந்ததைச் சொல்லி, இன்னும் ஆராய வேண்டியதையும் மறைக்காமல் சொன்னாராம். அவையோர் பாராட்டினராம். இதைக் கேட்டு எங்கள் வகுப்பே மகிழ்ந்தது.

கண்டதை மட்டும் சொல்வதே நல்ல சாட்சிக்கு அழகு. அந்த நேர்மை படித்தவருக்கும் பெருமையே தரும். வகுப்பில் சந்தேகத்தை மனத்துக்குள் அடக்கி வைத்திருக்கும் தோழியரே, எழுந்து கேளுங்கள். பெரிய அறிஞரின் மனத்திலும் அதே கேள்வி இருக்கக்கூடும்.