உங்க ரியர் ஆர்மர் எத்தனை?

உங்களுக்குத் தெரிஞ்ச பலசாலி ஒருத்தரை மனசுல நிறுத்துங்க. அவரோட பலத்துக்கு மார்க் போடச் சொன்னா எவ்ளோ போடுவீங்க? 'எந்தப் பக்கத்துக்கு?'னு திருப்பிக் கேட்டீங்கன்னா, சபாஷ்... நீங்க எங்க செட்டு!

எங்க செட்டைப் பிடிச்ச பைத்தியத்தோட பேரு 'வார்ஹேமர் 40,000'. 1987-ல் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் கொண்டுவந்த டேபிள் கேம். இன்னும் முப்பத்தெட்டாயிரம் வருஷம் கழிச்சு நடக்கிற விண்வெளிச் சண்டை. ஒரிஜினல் பொம்மை விலையைக் கேட்டா, மெஸ் பில்லே தேவலைனு தோணும். அதனால எங்க ஹாஸ்டல்ல தீப்பெட்டி ஒட்டினதுதான் டேங்க்!

அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, பழைய பதிப்புகளில் இருந்த கவச விதி. ஒவ்வொரு வண்டிக்கும் முன்னாடி, பக்கவாட்டு, பின்னாடினு தனித்தனி எண். 'லெமன் ரஸ்' டேங்குக்கு முன்னாடி 14, பின்னாடி வெறும் 10. சுடுறவன் நம்ம லூடோ டைஸை உருட்டி, துப்பாக்கியோட பலத்தைக் கூட்டணும். கவச எண்ணுக்குச் சமமா வந்தா உரசல். தாண்டினா துளைச்சிடும்.

சாதா சிப்பாயோட போல்ட்டர் துப்பாக்கிக்கு பலம் 4. ஆறே விழுந்தாலும் 10தான். முன்னாடி நின்னு விடிய விடிய சுட்டாலும் அந்த டேங்குக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா பின்னாடி போயிட்டா, அதே துப்பாக்கி அதை உரசிடும்!

இந்த விதியை நான் புத்தகத்துல கத்துக்கலை பாஸ். எனக்கு ஊரு செஞ்சி.

திருவண்ணாமலை ரோட்டுல போயிருந்தா பார்த்திருப்பீங்க. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரினு மூணு மலை. மூணையும் சேர்த்துக் கட்டின மதில் மட்டும் சுமார் 13 கிலோமீட்டர். 2025 ஜூலையில யுனெஸ்கோ பட்டியல்லயும் இடம் பிடிச்சாச்சு. ராஜகிரி ஏறக்குறைய 800 அடி. உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி பாறையில ஒரு பெரிய பிளவு, குறுக்கே ஒரு பாலம். பாலத்தை எடுத்துட்டா கதை முடிஞ்சது. சந்தேகமே இல்லாம கவசம் 14!

1690-ல் மொகலாயத் தளபதி ஜுல்ஃபிகர் கான் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698-ல்தான். அதுக்குள்ள ராஜாராம் தப்பிச்சே போயிட்டார்! ஆனா 1750 செப்டம்பர்ல பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் ஆட்கள் கீழ்க்கோட்டைக் கதவை வெடிவெச்சுத் தகர்த்து, விடியறதுக்குள்ள மூணு மலையையும் பிடிச்சுட்டாங்க.

அதே மலை, அதே மதில். ஒரு தடவை எட்டு வருஷம், இன்னொரு தடவை ஒரே ராத்திரி. ஏன்?

வெளியே யார் இருந்தாங்கன்னு பாருங்க. 1692 கடைசியில சந்தாஜியும் தனாஜியும் மராத்தாக் குதிரைப்படையோட வந்து, முற்றுகை போட்டவங்களுக்கே தானியம் வராம மறிச்சாங்க. ஜுல்ஃபிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாச்சு. 1750-லயோ, துணைக்கு இருந்திருக்க வேண்டிய முகமது அலியின் படை சில நாள் முன்னாடிதான் தோத்துச் சிதறியிருந்தது. கல்லு மட்டும் கோட்டையைக் காப்பாத்தாதுங்க.

2017-ல் வந்த எட்டாம் பதிப்பு இந்தத் திசைக் கணக்கையே தூக்கிடுச்சு. எந்தப் பக்கம் சுட்டாலும் ஒரே எண். ஆட்டம் வேகமா போகும்ங்கறது நிஜம்தான். எங்க செட்டுல பாதிப் பேர் புதுசு, பாதிப் பேர் பழசு. நான் பழசு. காரணம், என் ரூம்மேட்.

பயலுக்கு ஃப்ரன்ட் ஆர்மர் 14! மேடை, செமினார், சீனியர்... எதுக்கும் அசர மாட்டான். ஒருநாள் பெட்டியைக் கட்டிட்டு இருந்தான். வீட்டுல கடன், அப்பாவுக்கு உடம்பு முடியலை, இவனுக்கு மூணு அரியர். 'படிச்சது போதும்டா, வேலைக்குப் போறேன்'னான். அவனோட ரியர்ல இருந்தது அரியர் மட்டும் இல்லைனு அன்னிக்குத்தான் எங்க எல்லாருக்கும் தெரிஞ்சது.

கடனை அடைக்க எங்ககிட்ட காசில்லை. ஆனா பழைய விதிப்படி ஆடறவனுக்கு ஒண்ணு தெரியும். டேங்கோட முதுகை வெட்டவெளியில விடக்கூடாது, பின்னாடி நாலு சிப்பாயை நிறுத்தணும். நிறுத்தினோம். ஒருத்தன் வார்டன்கிட்ட பேசி ஃபீஸுக்குத் தவணை வாங்கினான். ஒருத்தன் சனி, ஞாயிறு வேலை பிடிச்சுக் கொடுத்தான். மீதிப் பேர் ராத்திரி மாத்தி மாத்தி உட்கார்ந்து பாடம் சொன்னோம். ரெண்டு அரியர் காலி. மூணாவது நவம்பர்ல.

மார்க் ஷீட், கட் ஆஃப், பேக்கேஜ்னு உலகம் நம்ம எல்லாருக்கும் ஒரே ஒரு எண்தான் போடுது. போட்டுட்டுப் போகட்டும். உங்க பக்கத்து சீட்ல 14 மாதிரி சிரிச்சுட்டு இருக்கிறவனோட முதுகுப் பக்கம் எத்தனைனு நீங்க ஒரு தடவை பாருங்க.

சுடறதுக்கு இல்லை பாஸ், நிக்கிறதுக்கு!