தோலும் தோழமையும்

பந்து உருளும் இடமெல்லாம் படக்கருவி வருவதில்லை. பகலை வெல்லும் விளக்குகள், பல்லாயிரவர் அமரும் அரங்கம், கோடிக் கணக்கில் விலை பேசப்பட்ட ஆட்டக்காரர்கள், இவை ஒருபுறம். புழுதி பறக்கும் திடலில், சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, நின்ற கால் நின்றபடி தொண்டை வறளக் கத்தும் எங்களைப் போன்றோர் மறுபுறம். அவர்களைப் பற்றி எழுத ஏடுகள் பல உண்டு. எங்களைப் பற்றி எழுதுவார் எவருமில்லை. எழுதத்தான் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது, தோழர்களே! ஒரு சமுதாயத்தின் உள்ளத்தை அறிய அதன் மேடைப் பேச்சைக் கேட்டால் போதாது. அது தன்னை மறந்து கத்தும்போது என்ன கத்துகிறது என்று கேட்கவேண்டும். அதைக் கேட்கத் தக்க இடம் கால்பந்துத் திடல்.

எங்கள் வட்டாரம் தோல் வட்டாரம். வேலூரைச் சுற்றி, பாலாற்றை ஒட்டி, இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் வட்டாரம். 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குச் சென்றன. மாவட்டம் மாறியது, மணம் மாறவில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய குழிகள் ஒரு காலத்தில். குரோமிய உப்பு அதற்குப் பின். இன்றோ, கடல் கடந்த நாட்டார் கால்களுக்குப் பூட்ஸ் தைத்து அனுப்பும் ஆலைகள் அடுக்கடுக்காய்! தோல் எங்களுக்குச் சோறு தந்தது. சோற்றுக்கு விலையாக ஆற்றை வாங்கிக்கொண்டது. பாலாறு பாழாவதைக் கண்டித்து 1996 ஆகஸ்டு 28-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது; மாசுபடுத்தியவனே ஈடு தரவேண்டும் என்ற நெறியை நாட்டுக்கே அந்த வழக்கு நிலைநாட்டிற்று. ஆண்டின் பெரும்பகுதி நீரற்றுக் கிடக்கும் அந்த ஆற்று மணலில்தான் எங்கள் சிறுவர்கள் பந்தாடப் பழகுகிறார்கள். 2021 நவம்பரில் வெள்ளம் இருகரையும் புரண்டு ஓடியபோது, பெரியவர்கள் கரையில் நின்று வியந்தார்கள். சிறுவர்களோ, திடல் போயிற்றே என்று முகம் வாடி நின்றார்கள்!

ஞாயிறு மாலை நாலு மணிக்கு ஆட்டம். பள்ளியில் பாடம் சொல்லும் நாங்கள் சிலர், ஷூ கம்பெனியில் வேலை செய்வோர் பலர், டேனரியில் ஈரத்தோல் சுமப்போர், ஆட்டோ ஓட்டுவோர் என்று அறுபது எழுபது பேர் கூடுவோம். ஆட்டத்தை அறிவிப்பது நாளேடு அன்று. தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டிய தாள். டிக்கெட் கிடையாது; இடைவேளையில் ஒருவர் துண்டை விரித்துச் சுற்றி வருவார். அந்தத் துண்டில் விழும் பத்தும் இருபதும்தான் வெளியூர் ஆட்டத்துக்கு வேன் வாடகை, அடிபட்ட காலுக்குக் கட்டு, கிழிந்த பந்துக்கு மாற்று. கம்பம் இருக்கும்; வலை இருக்காது. ஆகவே கோல் விழுந்ததா, வெளியே சென்றதா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாமல் கட்சியால் முடிவு செய்வதும் உண்டு! நடுவர் பாவம், இரு தரப்பாரும் ஒன்றுபட்டு ஏசக்கூடிய ஒரே மனிதர். வேர்க்கடலை விற்கும் அம்மையார் மட்டும் எந்த அணி வென்றாலும் புன்னகைப்பார்.

எங்கள் அணி பெரும்பாலும் தோற்கும். தோற்றாலும் அடுத்த ஞாயிறு போவோம். “இதில் என்ன இன்பம்?” என்று சென்னை அணிக்குத் தொலைக்காட்சியில் கைதட்டும் நண்பர்கள் கேட்பார்கள். சென்னையின் எஃப்.சி. 2015-இலும் 2017-18 பருவத்திலும் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றபோது நாங்களும்தான் மகிழ்ந்தோம். ஆனால் அந்த ஆட்டக்காரர் எவருக்கும் எங்களைத் தெரியாது. இங்கே பந்தை விரட்டுபவன் எங்கள் வகுப்பில் படித்தவன். அவன் விழுந்தால் எங்கள் முழங்காலில் சிராய்க்கிறது.

இங்கிலாந்தில் நார்தாம்டன் என்றோர் ஊர். எங்கள் ஊரைப்போல் பூட்ஸ் தைத்தே பேர்பெற்ற ஊர். அதன் கால்பந்து அணி 1961-இல் நான்காம் பிரிவிலிருந்து ஏறத் தொடங்கி, 1965-இல் முதற்பிரிவையே எட்டிப் பிடித்தது. ஒரே ஒரு பருவம் அங்கே இருந்தது. பிறகு சரிவு, 1969-இல் மறுபடியும் நான்காம் பிரிவு! ஏறியது எத்தனை விரைவோ, இறங்கியதும் அத்தனை விரைவு. முதற்பிரிவு அதற்கு மீண்டும் வாய்க்கவே இல்லை. ஆயினும் அந்த அணி அழியவில்லை. அதைக் காண வருவோரும் ஒழியவில்லை.

அந்த அணிக்கு ஊரார் இட்டு அழைக்கும் செல்லப்பெயர் என்ன தெரியுமா? ‘செருப்புத் தைப்போர்’! வால்சால் என்ற மற்றொரு தோல் ஊர். குதிரைச் சேணத்துக்குப் பேர்பெற்றது. அவ்வூர் அணியின் பெயர் ‘சேணம் தைப்போர்’. 1933 ஜனவரி 14-இல், மூன்றாம் பிரிவிலிருந்த அந்தச் சேணம் தைப்போர், அவ்வாண்டு முதற்பிரிவில் வாகை சூடிய ஆர்சனல் அணியை இரண்டுக்குச் சுழியம் என்று வீழ்த்தினர். செருப்புத் தைப்போர் வாழ்க என்று தந்தை தோளில் அமர்ந்த குழந்தையும் அங்கே கூவுகிறது. தொழிற்பெயர், அங்கே கொடிப்பெயர்.

இங்கே?

சென்ற பருவத்தில் பக்கத்து ஊரொன்றில் ஆட்டம். எங்கள் இடப்புற முன்வரிசை ஆட்டக்காரன் பத்தொன்பது வயதுப் பிள்ளை. தாய் ஷூ கம்பெனியில் மேற்தோல் தைக்கிறார். மகன் கால் பூட்ஸின் வாய் பிளந்திருக்கும், கயிறு போட்டுக் கட்டியிருப்பான். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியினர் பலர் வெறுங்காலோடு ஆடி, பிரான்சிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றனர். அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி இராமன். வெறுங்காலின் வீரம் என்று அதை இன்றும் புகழ்கிறோம். புகழலாம். ஆனால் உலகுக்குப் பூட்ஸ் தைக்கும் ஊரில், தைப்பவள் மகனுக்கு நல்ல பூட்ஸ் இல்லாததை வீரம் என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.

அந்தப் பிள்ளை இருவரை ஏய்த்துப் பந்தோடு கோட்டோரம் விரைந்தான். கயிற்றுக்குப் பின்னிருந்து ஒரு குரல்: “தோல் நாத்தம் வருது, தள்ளி நில்லுங்கடா!” கூட்டம் சிரித்தது. சிரிப்பு தந்த துணிவில் அடுத்த சொல் வந்தது. அது அவன் தந்தையின் சாதிப்பெயர். அதை வசைச்சொல்லாக்கி வீசினார்கள். அந்தச் சொல்லை இந்த ஏட்டில் ஏற்றமாட்டோம். பிள்ளை நின்றான். திரும்பி எவரையும் பார்க்கவில்லை. பந்தைக் கையிலெடுத்துக் கோட்டின்மேல் மெல்ல வைத்தான், திடலைவிட்டு நடந்தான். அடுத்த இரு ஞாயிறும் அவன் வரவில்லை.

சிரித்தவர்கள் யார்? மாளிகைவாசிகளா? இல்லை. அவர்கள் இடுப்பிலே தோல் வார்; காலிலே தோல் செருப்பு; வீட்டு அடுப்பிலே தோல் தந்த நெருப்பு! தோலைத் தொட்ட கை தீட்டாம். தோலால் வந்த துட்டு தீட்டில்லையாம். மிருதங்கத்தைப் போர்த்தியிருப்பது என்ன, பட்டுப் பீதாம்பரமா? மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலுந்தானே! அது கச்சேரி மேடையில் நடுநாயகமாக அமரலாம். அதைப் பதனிட்டவன் மட்டும் வாயிலுக்கு வெளியே! கால்பந்தும் நெடுங்காலம் தோலால் ஆனதே. உலகக் கோப்பைக்கே 1986-இல்தான் செயற்கைப் பந்து வந்தது. அதுவரை எத்தனை ‘தூய’ தலைகள் அந்தத் தோலை முட்டி மகிழ்ந்தன! அப்போது தீட்டு எங்கே ஓடி ஒளிந்தது?

ஒளியவில்லை, ஆளைப் பார்த்து நடந்தது. பல்வாங்கர் பாலு, தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட சாதியில் பிறந்த கிரிக்கெட் வீரர். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூறு விக்கெட்டுகளுக்குமேல் வீழ்த்தினார். அதற்கு முன்பு பூனாவில், அவர் வீசிய பந்தைச் சாதி இந்துக்கள் கையால் தொட்டார்கள். தேநீர் வேளையிலோ, அவருக்கு மட்டும் வெளியே, தனி மண்குவளை! அவர் எறிந்த பந்து இனித்தது. அவர் உதடு பட்ட குவளை கசந்தது. இதுதானே சாதியின் தருக்கம்!

எங்களிடையே ஒரு யோசனை எழுந்தது. நார்தாம்டன்காரன்போல நாமும் ‘தோல்காரர்’ என்று பதாகை எழுதித் தூக்கினால் என்ன? வசையையே வாகையாக்கினால் என்ன? முடிவு செய்யும் உரிமை அந்த வீட்டாருக்கே என்று கருதி, பிள்ளையின் தந்தையைக் காணச் சென்றோம். முப்பது ஆண்டு சுண்ணாம்புக் குழியில் நின்றவர். நகங்களைச் சுண்ணாம்பு தின்றுவிட்டிருந்தது. இங்கிலாந்துக் கதையை முழுதும் கேட்டார். பிறகு கேட்டார்:

“அந்த ஊர்ல செருப்புத் தைக்கிறவன் பொண்ணை அடுத்த தெருக்காரன் கட்டிக்குவானா, வாத்தியாரே?”

“கட்டிக்குவான்.”

“அவன் புள்ள படிச்சு வேற வேலைக்குப் போயிட்டா, அப்பவும் அவனை அந்தப் பேர் சொல்லி ஏசுவாங்களா?”

“ஏசமாட்டாங்க.”

“அப்ப அது வேலையோட பேரு, தம்பி. எங்களுக்கு வெச்சது பொறப்போட பேரு. நான் குழியை விட்டு ஏறி அஞ்சு வருசமாச்சு. பேரு என்னை விட்டு எறங்குச்சா?”

பல்கலைக்கழகத்துப் பட்டம் பெற்றவர்கள் நாங்கள். ஆயினும் அந்த முற்றத்தில் கற்ற பாடத்தை எந்தப் பேராசிரியரிடமும் கற்றதில்லை. தொழிலை இழிவென்று சொல்வது ஒரு மடமை. தொழிலைப் பிறப்போடு ஆணியடிப்பது கொடுமை. மடமையைப் பெருமிதத்தால் வெல்லலாம். கொடுமையை உரிமையால்தான் வெல்லவேண்டும். பதாகையை ஒத்திவைத்தோம்.

அயல்நாட்டுத் திடல் எல்லாம் அன்பு மயம் என்று மயங்கவும் வேண்டாம். வால்டர் டல், பார்படாசுத் தந்தைக்கு இங்கிலாந்தில் பிறந்த கருநிற வீரர். 1909-இல் டாட்டன்ஹாம் அணிக்காகப் பிரிஸ்டல் நகரில் ஆடியபோது, கூட்டம் அவர் நிறத்தை வைத்து நஞ்சு கக்கியது. 1911-இல் அவரை ஏற்ற அணி எது? அதே செருப்புத் தைப்போர் அணி! அவர்களுக்காக நூறு ஆட்டங்களுக்குமேல் ஆடினார், 1917-இல் படையதிகாரியானார், 1918 மார்ச்சு 25-இல் பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டார். 1999-இல் அந்த அணியின் அரங்கருகே அவருக்கு நினைவுச் சின்னம் எழுந்தது. கெட்ட வாய் எந்த நாட்டுக் கூட்டத்திலும் உண்டு. அந்த வாய்க்கு முன் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதே கேள்வி.

நாங்கள் செய்தது இது. போட்டியை நடத்தியவர்களிடம் முறையிட்டோம். “ஆட்டச் சூட்டில் வாய் தவறிய சொல், பெரிதாக்காதீர்கள்” என்றனர். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் 1950-இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. சாதிப்பெயரால் பலரறிய இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்துக்குச் சூடு குளிர் கிடையாது என்று எழுதிக் கொடுத்தோம். அதோடு நிற்காமல், எதிரணி ஆதரவாளரைத் தேடி அவர்கள் ஊர்த் தேநீர்க் கடைக்கே சென்றோம். அவர்களும் எங்களைப்போல் ஷூ கம்பெனி ஊழியர்தாம். பேச்சு முதலில் முறைப்பாக இருந்தது. மூன்றாம் தேநீருக்குப் பின் முடிவு பிறந்தது. எந்தப் பக்கத்து வாயிலிருந்து சாதி வசை வந்தாலும், இரு பக்கத்து மேளமும் நிற்கும், கைதட்டல் நிற்கும், சொன்னவர் வெளியேறும்வரை எவரும் வாய் திறப்பதில்லை.

மறு ஆட்டம் எங்கள் திடலில் நடந்தது. பிள்ளை வந்தான். ஏன் வந்தாய் என்று எவரும் கேட்கவில்லை. அவன் தாயும், தையல் வரிசையில் அவரோடு வேலை செய்யும் நான்கு பெண்களும் வந்தார்கள். ஆண்களே நிறைந்த கயிற்றோரத்தில், இடம் கேளாமல், இடம் பிடித்து நின்றார்கள். ஷூ ஆலைகளில் உழைப்போரில் பெண்கள் எத்தனை பேர்! ஞாயிற்றுக்கிழமை ஓய்வு மட்டும் ஆணுக்கென்று எழுதி வைத்தவன் எவன்?

முதற்பாதியில் ஒரு பழக்கப்பட்ட வாய் திறந்தது. பாதிச் சொல் வந்ததும் மேளம் நின்றது. எங்கள் மேளம் மட்டுமன்று, அவர்கள் மேளமும்! நூற்றைம்பது பேர் நின்ற இடத்தில் பந்து உதைபடும் ஓசை மட்டும் கேட்டது. அந்த மனிதர் இப்புறம் பார்த்தார், அப்புறம் பார்த்தார், சிரிக்க ஆளில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. கோப்பை எவருக்கும் இல்லை.

வசை தனி மனிதனின் வாயில் பிறக்கிறது. கூட்டத்தின் சிரிப்பில்தான் வளர்கிறது. சிரிப்பை நிறுத்துங்கள், பாதி வசை செத்துவிடும். மீதிப் பாதி, குழியிலும் கூலியிலும் மணப்பந்தலிலும் இருக்கிறது; அதற்கு வேறு நெடும் போர் வேண்டும். அந்தப் போருக்குப் பயிற்சிக்கூடம் திடலாகட்டும்.

இளைஞர்களே! உங்கள் ஊரிலும் வலையில்லாக் கம்பங்கள் நிற்கும். ஞாயிறு மாலை அங்கே செல்லுங்கள். பந்தைப் பாருங்கள், பக்கத்தில் நிற்பவன் வாயையும் கவனியுங்கள். ‘தோல்காரர்’ என்ற பதாகையை எங்கள் பிள்ளைகள் ஒருநாள் தூக்கத்தான் போகிறார்கள். தூக்குபவன் எந்த வீட்டுப் பிள்ளை என்று அன்று எவரும் கேட்கக்கூடாது.