பப்பாளியும் குரோமியமும்

எங்கள் வீட்டில் பப்பாளி வாங்குவதில்லை. எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு முறை கரு கலைந்தது. இரண்டுக்கும் அப்பாவைப் பெற்ற ஆயா இன்றுவரை சொல்லும் காரணம் ஒன்றுதான்: "திருட்டுத்தனமா பப்பாளி துன்னா. அப்புறம் எங்க நிக்கும்?"

அம்மா அப்போது பாலாற்றங்கரையில் ஒரு டேனரியில் வேலை பார்த்தாள். டிரம்மிலிருந்து வரும் ஈரத்தோலைத் தூக்கி அடுக்கும் வேலை. ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊறிய தோல், குரோமியம் வந்தபின் ஓரிரு நாளில் பதமாகிவிடுகிறது. அப்படிப் பதமான தோல் நீலமாக இருக்கும். பேரே 'வெட் ப்ளூ'. கையுறையெல்லாம் கிடையாது. "கை எந்நேரமும் அரிச்சிக்கினே இருக்கும்" என்பாள். டேனரிக் கழிவு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. அம்மா வேலையை விட்டதும் அந்த வருடம்தான். தீர்ப்பால் இல்லை, வயிற்றில் நான் இருந்ததால்.

விலங்கியல் படித்தது ஆசைப்பட்டு அல்ல. அரசுக் கல்லூரியில் கிடைத்தது அதுதான். எம்.எஸ்சி.யில் ஒரு வகுப்பு என்னைப் பிடித்து உட்கார வைத்தது. பெண் சிசுவுக்குத் தாயின் வயிற்றில் இருக்கும்போதே முட்டைகள் உருவாகிவிடும். ஐந்தாம் மாதத்தில் 60, 70 லட்சம். பிறக்கும்போது 10, 20 லட்சம். அப்படியென்றால் நானாக ஆன முட்டை, அம்மா அவளுடைய அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே உருவானது. அந்தப் பாட்டிக்கும் தோல் வேலைதான். வகுப்பில் மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுதவில்லை.

நெட் தேர்வில் இரண்டாவது முறை தேறி, சென்னையில் ஆய்வு மாணவியானேன். 'இனப்பெருக்க நச்சியல்' என்று விளக்கியதைப் பொறுமையாகக் கேட்ட சித்தி, "எலிக்குப் பிரசவம் பாக்கறதா?" என்றாள். பெரிய தப்பில்லை.

முதல் வாரத்தில் நெறியாளர் ஒரு கதை சொன்னார். கலிஃபோர்னியாவின் லாத்ரோப்பில் ஒரு பூச்சிக்கொல்லி ஆலை. அங்கே வேலை பார்த்த ஆண்கள் தங்களுக்குள் பேசும்போதுதான் பலருக்குக் குழந்தையே பிறக்கவில்லை என்று கவனிக்கிறார்கள். 1977-ல் சோதித்தால் பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. காரணம் டிபிசிபி என்ற ரசாயனம். அது எலியின் விதைப்பையைச் சுருக்குகிறது என்று 1961-லேயே கட்டுரை வந்திருக்கிறது. எலி சொல்லிப் பதினாறு வருடம் ஆகியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் கேள்வி கேட்டது தொழிலாளிகள்தான்.

என் வேலை அதிகாலையில் தொடங்கும். எலியின் மாதவிலக்குச் சுற்று என்று சொல்லக்கூடாது, அதற்கு உதிரப்போக்கு கிடையாது. ஆனால் நாலைந்து நாளில் முடியும் ஒரு சுற்று உண்டு. யோனியில் ஒரு சொட்டு உப்புநீர் விட்டு உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் பரப்பிப் பார்க்க வேண்டும். உருண்டைச் செல்கள் ஒருநாள். உதிர்ந்த செதில்போல உட்கரு இல்லாதவை இன்னொரு நாள். பிறகு வெள்ளணுக்கள். தினமும், ஒரே நேரத்தில். தீபாவளிக்கும் லீவு இல்லை. குடிநீரில் டைக்குரோமேட் கலந்தால் தண்ணீர் மஞ்சளாகிவிடும். அதைக் குடித்த எலிகளில் சில வெள்ளணுக் கட்டத்திலேயே நின்றுவிட்டன. அந்தத் தகடுகளைப் பார்த்தபோது எனக்கு வந்தது வருத்தம் அல்ல, சந்தோஷம். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டலாம் என்றுதான் தோன்றியது.

காட்ட முடியாது. நான் எலிக்குக் கொடுப்பது ஆறு இணைதிறன் குரோமியம். அது சல்பேட் மாதிரி வேஷம் போட்டுச் செல்லுக்குள் நுழைந்துவிடும். தோல் பதனிட டிரம்மில் போடுவது மூன்று இணைதிறன். அது அவ்வளவு சுலபத்தில் நுழையாது. தவிர, தொடக்கத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். ஒரே ஒருத்தியின் இரண்டு கருக்களைப் பற்றி என் தகடு எதுவும் சொல்லாது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவே கேட்டாள். அரிசி களைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல்.

"இன்னா சொல்லுது உன் எலி? அந்தத் தோலாலதானே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். முப்பது வருடப் பழி ஒரு சொல்லில் போயிருக்கும்.

"தெரியலமா. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

அவள் கை நின்றது. அப்புறம்தான் சிங்கப்பூர் ஆய்வைச் சொன்னேன். 2002-ல் வந்தது. எலியின் கருப்பையில் பப்பாளியைச் சோதித்திருக்கிறார்கள். காயின் பால் கருப்பையைச் சுருங்க வைத்தது. பழச்சாறு ஒன்றும் செய்யவில்லை.

"நீ துன்னது காயா, பழமா?"

"பழம்தான்டி. நல்லா பழுத்தது. கீத்து போட்டு வித்தான், பஸ் ஸ்டாண்டுல." கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தாள். "எத்தினி எலிக்கு ஊத்திப் பாத்தாங்க?"

திண்ணையிலிருந்து ஆயா குரல் கொடுத்தது, "எலிக்கு இன்னாடி தெரியும்?"

அம்மா பதில் சொல்லவில்லை. எழுந்துபோய் இரண்டாவது முறை அரிசி களைந்தாள்.