மிக்ஸியும் அப்பத்தாவும்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீடு நீளவாக்கில் கட்டிய பழைய வீடு. முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், கடைசியில் அப்பத்தா அறை. சுவரெல்லாம் ஒன்றரை அடி. ரூட்டர் இருப்பதோ திண்ணையை ஒட்டிய அறையில். ஞாயிற்றுக்கிழமை இங்கே சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டால் அப்பா பளிச்சென்று தெரிவார். போனை அப்பத்தாவிடம் கொண்டுபோவதற்குள் படம் அப்படியே நின்றுவிடும். இடுப்பு எலும்பு முறிந்தபிறகு அப்பத்தாவால் முன்னறைக்கு வர முடியவில்லை. என் மகள் பார்த்ததெல்லாம் பாதி நெற்றியும் மின்விசிறியும்தான்.

போன டிசம்பரில் ஊருக்குப் போனபோது ஒரு ஜோடி பவர்லைன் அடாப்டர் வாங்கிப் போனேன். ஒன்றை ரூட்டருக்குப் பக்கத்தில் பிளக்கில் மாட்டி கேபிளால் இணைக்க வேண்டும். வைஃபை தரும் இன்னொன்றை அப்பத்தா அறையில் மாட்ட வேண்டும். அவ்வளவுதான், சுவருக்குள் ஓடும் கரண்டு ஒயரே நெட் கேபிள் ஆகிவிடும். கரண்டு 50 ஹெர்ட்ஸில் ஓட, தகவல் அதே கம்பியில் மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சவாரி செய்யும். (ஒன்றும் புதுசில்லை. மின்வாரியங்கள் உயர் அழுத்த லைன் வழியாகவே சப்ஸ்டேஷனுக்கு சப்ஸ்டேஷன் போன் பேசியதுண்டு.)

மாட்டினேன். விளக்கு எரியவில்லை. முன்பக்கம் ஸ்பைக் கார்டில் செருகியிருந்தேன், அது இந்த சிக்னலையும் சத்தம் என்று நினைத்து வடிகட்டிவிடும். எடுத்துவிட்டு நேராகச் சுவரில் மாட்டினேன். அப்போதும் இல்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டபிறகுதான் உறைத்தது: எங்கள் வீட்டுக்கு மூணு ஃபேஸ் லைன். முன்னறை ஒரு ஃபேஸ், பின்னறை வேறு ஃபேஸ். ஒன்றிலிருந்து மற்றதற்கு சிக்னல் தாவுவது கஷ்டம். (நான் வேலை பார்ப்பது நெட்வொர்க்கிங்கில். வெளியே சொல்லிவிடாதீர்கள்.)

எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம் என்றேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே அப்பா கேட்டார், "இன்வெர்ட்டர் லைன் எல்லா ரூமுக்கும் போகுதே கண்ணு, அதுல மாட்டினா ஆகாதா?"

ஆகும்! இன்வெர்ட்டருக்கு ஒரே ஃபேஸ்தான், அதிலிருந்து எல்லா அறைக்கும் ஒவ்வொரு பிளக். இரண்டையும் அதில் மாட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது. கரண்டு போனாலும் இணைப்பு நிற்கவில்லை. பெட்டியில் 500 என்று போட்டிருந்த வேகம் கையில் 28தான் வந்தது. வீடியோ காலுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும்.

ஒரே தொல்லை, மிக்ஸி. அதன் மோட்டார் கிளப்பும் இரைச்சல் அதே ஒயரில் ஏறுவதால், அம்மா சட்னி அரைத்தால் அப்பத்தா முகம் கட்டம் கட்டமாகிவிடும். போன ஞாயிறும் அப்படித்தான். சட்டென்று படம் தெளிந்தபோது அப்பத்தா சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்திக்கொண்டிருந்தார்:

"ஏம்புள்ள, சட்னி அப்பறம் அரைக்கலாம். பாப்பா பேசறா!"